பறங்கியர் ஆட்சியும் விடுதலையின் மூன்று படிகளும்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கப் பெரியோர் என்னைப் பணித்தனர். வரலாறு என்றவுடன், அரசர் பெயர்களையும் போர் நிகழ்ந்த ஆண்டுகளையும் தேர்வுக்காக நெட்டுருச் செய்யும் பாடம் என்றே நம் மாணவர் பலர் கருதுகின்றனர். அது பிழையான எண்ணம். நாம் வலை வீசும் இவ்வேரியின் முகத்துவாரத்தில்தான் உலக வரலாற்றின் பெரும் பகுதியொன்று கப்பலேறி வந்திறங்கியது. அக்கப்பல்களைப் பற்றி நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன. அவற்றில் சரக்கேற்றிய தோள்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே.

ஐரோப்பியருள் கடல் வழியாக முதன்முதல் இந்நாட்டிற்கு வந்தவர் போர்ச்சுகீசியர். இந்தியாவிலிருந்து இறுதியாக வெளியேறிய ஐரோப்பிய ஆட்சியினரும் அவர்களே. அவர்கள் வந்தது எங்ஙனம், அவர்கள் பிடி தளர்ந்தது எங்ஙனம், அவர்கள் நீங்கிய பின் அடித்தட்டு மக்கள் பெற்றது என்ன என்பவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஓர் ஆட்சியின் கொடி இறங்கிவிட்டால் மக்கள் விடுதலை பெற்றுவிட்டனர் என்று கொள்ளலாமா? இவ்வினாவை இளைஞர்கள் உள்ளத்தில் இருத்தி மேலே படிக்க வேண்டுகிறேன்.

பழவேற்காட்டுத் துறை

வாஸ்கோ ட காமா 1498 ஆம் ஆண்டு கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே போர்ச்சுகீசியரின் பார்வை கீழைக்கடற்கரையின்பால் திரும்பியது. அந்நாளில் பழவேற்காடு விசயநகரப் பேரரசின் சிறந்த துறைமுகங்களுள் ஒன்று. இங்கிருந்து வண்ணமிட்ட பருத்தித் துணிகள் மலாக்காவுக்கும் அதற்கப்பாலுள்ள தீவுகளுக்கும் சென்றன. அங்கிருந்து கிராம்பும் சாதிக்காயும் இங்கு வந்தன. மசாலாத் தீவுகளில் பொன்னைவிட இத்துணிகளுக்கே மதிப்பு மிகுதி. எனவே மசாலாவை விரும்பியவன் முதலில் சோழமண்டலத் துணியைத் தேடி வர வேண்டியதாயிற்று.

போர்ச்சுகீசியர் 1510 இல் கோவாவையும் 1511 இல் மலாக்காவையும் கைப்பற்றினர். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்களுடைய வணிகர் பலர் பழவேற்காட்டில் குடியேறினர். 1515 ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கூறும் மகிமை மாதா ஆலயம் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றது. அவர்கள் இங்கு நாடாண்டவர் அல்லர். ஆனால் கடலை ஆண்டனர். அவர்களிடம் கட்டணம் செலுத்தி ‘கார்ட்டாஸ்’ என்னும் கடவுச்சீட்டுப் பெறாத கப்பல் கடலில் பிடிக்கப்படும், சரக்குப் பறிக்கப்படும். எவருக்கும் உரியதாய் இருந்த கடலுக்கு அவ்வரசு வரி விதித்தது எனலாம்.

பறங்கியர் விட்டுச் சென்ற சொற்கள் நம் நாவில் இன்றும் உள்ளன. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, பாதிரி, ஏலம் ஆகிய சொற்களெல்லாம் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தவையே. தமிழ் எழுத்தில் அச்சிடப்பெற்ற முதல் நூல்களுள் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ 1578 இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதனை ஆக்கியவர் என்றிக் என்றீக்கசு என்னும் போர்ச்சுகீசியப் பாதிரியார். அச்சுக் கலை நம் மொழிக்கு அத்துணை விரைவில் வந்துவிட்டது. ஆயின் அச்சிட்ட எழுத்தைப் படிக்கும் உரிமை நம் முன்னோரின் குடிசையை வந்தடைய முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயின. இவ்விடைவெளியை மறவாதிருத்தல் வேண்டும். ஒரு கருவி நாட்டிற்குள் வருவது வேறு, அது எல்லார் கையிலும் சேர்வது வேறு.

ஒல்லாந்தர் கோட்டையும் அடிமை வாணிகமும்

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், போர்ச்சுகீசியருக்குப் போட்டியாக வந்தனர். 1610 இல் விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் இசைவைப் பெற்றுப் பழவேற்காட்டில் தொழிற்சாலை அமைத்தனர். மயிலாப்பூர்ச் சாந்தோமிலிருந்த போர்ச்சுகீசியர் 1612 இல் அதனைத் தாக்கி அழித்தனர். அதன் பின்னரே 1613 இல் ‘கெல்ட்ரியா’ என்னும் கோட்டை இங்கு எழுந்தது. 1690 இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும் வரை, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் வாணிகம் முழுவதற்கும் பழவேற்காடே தலைமை இடமாக விளங்கியது. இங்கு நாணயச் சாலையும் வெடிமருந்துச் சாலையும் இருந்தன. செதுக்கு வேலைப்பாடுள்ள அவர்தம் கல்லறைகளைக் காண வெளியூர்ப் பயணிகள் இன்றும் வருகின்றனர்.

அக்கல்லறைகளில் வணிகர் பெயர்களும் அதிகாரிகள் பெயர்களும் செதுக்கப்பட்டுள்ளன. அதே துறையிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட அடிமைகளுக்கோ கல்லும் இல்லை, பெயரும் இல்லை. ஒல்லாந்தர் 1619 இல் சாவகத் தீவில் பத்தேவியா நகரை நிறுவினர். அதுவே இன்றைய ஜகார்த்தா. 1621 இல் சாதிக்காய் விளையும் பாண்டாத் தீவுகளைத் தாக்கி, அங்கு வாழ்ந்த மக்களிற் பெரும்பாலோரைக் கொன்றும் துரத்தியும் அழித்தனர். மண் கிடைத்தது, அதில் உழைக்க ஆளில்லை. ஆள் தேடிய கப்பல்கள் வங்கக் கடலோரத்தில் அலைந்தன. ஒல்லாந்தரின் ஆவணங்களை ஆராய்ந்தோரின் மதிப்பீட்டின்படி, 1621 முதல் 1665 வரையுள்ள காலத்தில் 131 கப்பல்களில் ஏறத்தாழ 38,000 பேர் இக்கடற்கரையிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். பழவேற்காடே அவ்வாணிகத்தின் முதன்மைத் துறை.

இத்துணை பேர் கிடைத்தது எங்ஙனம்? வாளால் பிடிக்கப்பட்டோர் சிலர். வங்கத்தில் அரக்கானியரும் போர்ச்சுகீசியக் கொள்ளையரும் கவர்ந்து வந்து விற்றோர் சிலர். தமிழகத்தைப் பொறுத்தவரை பஞ்சமே பெரிய தரகனாக இருந்தது. மழை பொய்த்த ஆண்டுகளிலும் படைகள் ஊர்களைச் சூறையாடிய ஆண்டுகளிலும் அடிமைகளின் தொகை திடீரென உயர்ந்தது. அவர்தம் விலை வீழ்ந்தது. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதி போராலும் பஞ்சத்தாலும் சீரழிந்தபோது ஆயிரக்கணக்கானோர் விற்கப்பட்டனர். தம்மைத் தாமே விற்றுக்கொண்டோரும், பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்று அவர்களை விற்ற பெற்றோரும் அவருள் இருந்தனர்.

இங்கு ஒன்றைச் சிந்திக்க வேண்டும். களஞ்சியத்தில் நெல் வைத்திருந்தவன் முதலாண்டுப் பஞ்சத்தில் பிள்ளையை விற்றிருக்க மாட்டான். நிலமும் கால்நடையும் உடையவன் அவற்றை விற்றுச் சில திங்கள் தாங்கியிருப்பான். தன் உடலன்றி விற்பதற்கு வேறொன்றும் இல்லாதவனே முதலில் கப்பலுக்குச் சென்றிருப்பான். அந்நாளில் அந்நிலையில் வைக்கப்பட்டிருந்தோர் எவர் என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை. அந்நியன் அடிமைச் சந்தை நடத்தினான் என்பது மெய். அச்சந்தைக்கு வேண்டிய ஏழ்மையை நம் சமுதாய அமைப்பு முன்னரே ஆயத்தம் செய்து வைத்திருந்தது என்பதும் மெய்யே.

இக்கரை மக்கள் ஆப்பிரிக்கா வரையிலும் சென்றனர். 1652 இல் ஒல்லாந்தர் நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் அமைத்த பின், இந்தியாவிலிருந்தும் அங்கு அடிமைகள் அனுப்பப்பட்டனர். அங்குள்ள பதிவேடுகளில் அவர்களுடைய பெயரோடு ‘வான் கோரமண்டல்’, அதாவது சோழமண்டலத்தைச் சேர்ந்தவர், என்னும் அடைமொழி எழுதப்பட்டுள்ளது. பெற்றோர் இட்ட பெயர் அழிந்தது. புறப்பட்ட கரையின் பெயர் மட்டும் எஞ்சியது. அவர்தம் குருதி இன்றைய தென்னாப்பிரிக்க மக்களிடையே கலந்துள்ளது. ஆப்பிரிக்க வரலாறு நமக்கு அயலார் கதையன்று என்று கூறுவதற்கு இதுவே போதிய சான்று.

ஆங்கிலேயர் காலம்

ஒல்லாந்தரின் செல்வாக்குக் குன்றியபின் ஆங்கிலேயர் பழவேற்காட்டைக் கைப்பற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெல்ட்ரியாக் கோட்டையை இடித்துத் தள்ளினர். 1818 இல் இடம் ஒல்லாந்தரிடம் திரும்பியது. பின்னர் 1824 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825 இல் நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று. போர்ச்சுகீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மூன்று கொடிகள் இக்கரையில் ஏறி இறங்கின. ஒவ்வொரு முறையும் சுங்கம் வாங்குபவன் மாறினான். சுமை தூக்கியவன் மாறவில்லை.

1843 ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் இந்தியாவில் அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என அறிவித்தது. சட்டப் புத்தகத்தில் அடிமை மறைந்தான். பண்ணையில் பண்ணையாள் என்னும் பெயரோடு தொடர்ந்தான். அக்காலத்தில் நம் பொன்னேரி வட்டம் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த திரமென்கீர் 1891 இல் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை குறித்து அரசுக்கு விரிவான அறிக்கை ஒன்று அளித்தார். குடியிருக்கும் குடிசையின் மண்கூடத் தமக்கு உரிமையில்லாததால் அம்மக்கள் எதிர்த்துப் பேச இயலாதிருந்தனர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அதன் பயனாக 1892 இல் அரசாணை பிறந்தது. தரிசு நிலங்கள் தாழ்த்தப்பட்டோருக்கு வழங்கப்பட்டன. பிற வகுப்பார்க்கு அவற்றைக் கைமாற்றலாகாது என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. அவையே இன்று பஞ்சமி நிலம் எனப்படுபவை.

அந்நிலங்களிற் பெரும்பகுதி பின்னாளில் பிறர் கைக்குப் போயிற்று. பத்திரத்தில் எழுதியிருப்பதைப் படிக்க இயலாதவனிடம் கைந்நாட்டு வாங்குவது எளிதன்றோ? அந்நிலங்களை மீட்கக் கோரி 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தின்போது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிரிழந்தனர். எழுத்தறிவின்மையால் இழந்ததை மீட்க உயிரையே விலையாகத் தர வேண்டியதாயிற்று. கல்வி வேறு, நிலம் வேறு எனப் பிரித்துப் பேசுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கோவாவின் நானூற்றைம்பது ஆண்டுகள்

பழவேற்காட்டில் வேரூன்ற இயலாத போர்ச்சுகீசியர், 1662 இல் சாந்தோமையும் கோல்கொண்டாப் படையிடம் இழந்தனர். எனினும் மேலைக்கரையில் கோவாவையும், ஆப்பிரிக்காவில் அங்கோலா, மொசாம்பிக், கினியா முதலிய பகுதிகளையும் விடாது பற்றியிருந்தனர். ஆகவே அவ்வாட்சி முதிர்ந்த நிலையில் எப்படி இருந்தது, எப்படி முடிந்தது என்பதை அறிய நாம் அவ்விடங்களை நோக்க வேண்டும்.

கோவா 451 ஆண்டுகள் அவர்கள் ஆட்சியில் இருந்தது. ஆசியாவிலேயே தொடக்கக் காலத்து அச்சகங்களுள் ஒன்று 1556 இல் அங்கு நிறுவப்பட்டது. 1560 இல் தொடங்கிய சமய விசாரணை மன்றம் இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக 1812 வரை மக்களை அச்சுறுத்தியது. மொசாம்பிக்கிலிருந்து கொணர்ந்த ஆப்பிரிக்க அடிமைகள் கோவாவின் செல்வர் வீடுகளில் ஊழியம் செய்தனர். மக்களிற் பலர் மதம் மாறினர். ஆனால் சாதி மாறவில்லை. ஆலயத்தைச் சார்ந்த சபைகளிலும் சாதிவாரியாக இடம் வகுக்கப்பட்டது. நிலமும் கிராமச் சபையின் உரிமையும் மேல்வகுப்பார் கையிலேயே நின்றன. அந்நியன் நம் ஏற்றத்தாழ்வைப் படைக்கவில்லை. அதனை ஒழிக்கவும் இல்லை. தன் ஆட்சிக்கு அதனைத் தூணாகப் பயன்படுத்திக்கொண்டான்.

போர்ச்சுகலில் 1932 முதல் தலைமை அமைச்சராக இருந்த சலசார் தனியாட்சி நடத்தியவர். 1930 ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டமும் அவர் ஆக்கியதே. பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, பத்திரிகை உரிமை ஆகியன கோவாவில் அறவே இல்லை. திரிஸ்தாவ் டி பிரகான்சா குன்யா என்னும் அறிஞர் 1928 இல் கோவா காங்கிரசுக் குழுவை அமைத்தார். 1946 ஜூன் 18 ஆம் நாள் டாக்டர் ராம் மனோகர் லோகியா மட்காவில் தடையை மீறிப் பேச முற்பட்டுக் கைதானார். அதன்பின் எழுச்சி பரவியது. குன்யா நாடு கடத்தப்பட்டுப் போர்ச்சுகலில் சிறை வைக்கப்பட்டார்.

1947 இல் ஆங்கிலேயர் நீங்கினர். 1954 இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியை ஒப்படைத்தனர். சலசாரோ அசையவில்லை. கோவா குடியேற்ற நாடன்று, போர்ச்சுகலின் கடல் கடந்த மாகாணம் என்று 1951 இல் அரசியல் சட்டத்தில் சொல்லை மாற்றி எழுதினார். பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடும் என்று ஆள்வோர் எண்ணுவது எக்காலத்தும் உண்டு. 1955 ஆகஸ்டு 15 அன்று ஆயிரக்கணக்கான சத்தியாக்கிரகிகள் ஆயுதமின்றி எல்லையைக் கடந்தபோது சுட்டு வீழ்த்தப்பட்டனர். இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இறுதியில் 1961 டிசம்பர் 18 ஆம் நாள் இந்தியப் படை புகுந்தது. கடைசி வீரன் வரை போரிட்டு மடிய வேண்டும் என்பது சலசாரின் கட்டளை. கவர்னர் வாசாலோ இ சில்வா அதனை ஏற்காது மறுநாள் சரணடைந்தார். வீண் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது.

ஆப்பிரிக்காவில் மூண்ட போர்

கோவாவின் விடுதலை தனித்து நிகழ்ந்ததன்று. 1961 ஏப்ரலில் மொராக்கோவின் காசாபிளாங்கா நகரில் போர்ச்சுகீசியக் குடியேற்ற நாடுகளின் விடுதலை இயக்கங்கள் ஒன்றுகூடிப் பொது அமைப்பு ஒன்றை ஏற்படுத்தின. கோவாவின் இயக்கத்தாரும் அதில் பங்கு பெற்றனர். அவருள் ஒருவரான அக்கினோ டி பிரகான்சா என்னும் கோவாக்காரர் பின்னாளில் மொசாம்பிக்கின் விடுதலைக்கு உழைத்து, 1986 இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் சமோரா மாசெலுடன் விமான விபத்தில் மாண்டார்.

ஆப்பிரிக்கப் பகுதிகளில் போர்ச்சுகீசியர் நடத்திய முறை நம்மவர் கூர்ந்து அறிய வேண்டியதாகும். அங்கு மக்களைச் சட்டமே இரண்டாகப் பிரித்தது. ‘இந்திஜெனா’ என்போர் மண்ணின் மக்கள். அவர்க்குக் குடியுரிமை இல்லை. அவரைக் கட்டாய வேலைக்குப் பிடித்துச் செல்லலாம், பருத்தி பயிரிடுமாறு வற்புறுத்தலாம். ‘அசிமிலாதோ’ என்போர் நாகரிகம் பெற்றோர் எனச் சான்றிதழ் பெற்றவர். அச்சான்றிதழ் வேண்டுமாயின் போர்ச்சுகீசிய மொழியை எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்; நிலையான தொழில் இருக்க வேண்டும்; குலவழக்கங்களைக் கைவிட்டதாக அதிகாரிகளுக்கு மெய்ப்பிக்க வேண்டும். எழுத்தறிவு வேண்டும் என்றனர், பள்ளியோ திறக்கவில்லை. ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மொசாம்பிக்கில் 1950 ஆம் ஆண்டளவில் அச்சான்றிதழ் பெற்றோர் ஐயாயிரவர்கூட இல்லை. அந்நாளில் போர்ச்சுகல் நாட்டிலேயே பத்தில் நால்வர் எழுத்தறியாதவர் என்பது வியப்பிற்குரிய செய்தி. ஆண்டைக்கு வேண்டாத தகுதி அடிமைக்கு மட்டும் வேண்டியதாயிற்று.

குளத்தில் நீர் எடுக்கவும் பள்ளித் திண்ணையில் அமரவும் தகுதி இல்லை என்று ஒரு கூட்டத்தாரை ஒதுக்கிவிட்டு, அவர்கள் கல்லாதவர், தூய்மை அற்றவர் என்று பழித்த முறையை நாம் அறிவோம். கதவை அடைத்துவிட்டு, உள்ளே வராதது அவன் குற்றம் என்பது பறங்கியர்க்கு மட்டும் உரிய வழக்கன்று.

1961 இல் அங்கோலாவிலும், 1963 இல் கினியாவிலும், 1964 இல் மொசாம்பிக்கிலும் ஆயுதப் போர் மூண்டது. கினியா இயக்கத்தின் தலைவர் அமில்கார் கப்ரால் வேளாண்மைப் பொறியாளர். 1953 இல் அரசின் வேளாண் கணக்கெடுப்புக்காகக் கினியாவின் சிற்றூர்களையெல்லாம் சுற்றியவர்; சதுப்பு நிலத்தில் அணை கட்டி நெல் விளைவித்த உழவரோடு அமர்ந்து பேசி அவர்தம் குறைகளை அறிந்தவர். அவருடைய இயக்கம் மீட்ட பகுதிகளில் முதற்கண் செய்த பணிகளுள் ஒன்று பள்ளி திறந்தது. விமானங்கள் குண்டு பொழிந்தமையால் வகுப்புகள் மரங்களின் அடியில் மறைவாக நடந்தன. பாடநூல்கள் சுவீடன் நாட்டில் அச்சாகிக் கொண்டுவரப்பட்டன. பள்ளியில் பெண்பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என இயக்கம் பெற்றோரை வலியுறுத்தியது.

மொசாம்பிக் இயக்கத்தின் முதல் தலைவர் எதுவார்தோ மொந்திலேன் இளமையில் மாடு மேய்த்தவர். பின்னர் அமெரிக்காவில் சமூகவியல் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். அகதி மாணவர்களுக்கெனத் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரில் கல்வி நிலையம் ஒன்று அவ்வியக்கத்தின் சார்பில் நடத்தப்பட்டது. மொந்திலேன் 1969 பிப்ரவரி 3 இல் புத்தகப் பொட்டலத்தில் மறைத்து அனுப்பிய வெடிகுண்டால் கொல்லப்பட்டார். கப்ரால் 1973 ஜனவரி 20 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இருவருமே விடுதலை நாளைக் காணவில்லை.

ஆயினும் இயக்கங்கள் அழியவில்லை. கினியா 1973 செப்டம்பர் 24 இல் தன் விடுதலையைத் தானே அறிவித்தது. முடிவில்லாப் போரால் சலித்த போர்ச்சுகீசியப் படையின் இளம் அதிகாரிகள் 1974 ஏப்ரல் 25 இல் தம் நாட்டுச் சர்வாதிகாரத்தையே கவிழ்த்தனர். 1975 ஜூன் 25 இல் மொசாம்பிக்கும், நவம்பர் 11 இல் அங்கோலாவும் விடுதலை அடைந்தன. ஆப்பிரிக்கர் தம்மை விடுவித்துக்கொள்ள நடத்திய போர், ஆண்ட நாட்டின் மக்களுக்கும் விடுதலை தந்தது. அடக்கப்பட்டவன் எழும்போது அடக்கியவன் வீட்டுக் கதவும் திறக்கிறது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

கொடி இறங்கிய பின்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். கொடி இறங்கிய பின் நடந்தது என்ன?

மொசாம்பிக் விடுதலை அடைந்தபோது மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுத்தறியாதவர். போர்ச்சுகீசியர் பெருந்திரளாக வெளியேறியபோது மருத்துவரும் ஆசிரியரும் பொறியாளரும் உடன் சென்றனர். புதிய அரசு எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. ஆனால் உள்நாட்டுப் போர் அங்கு 1992 வரையும், அங்கோலாவில் 2002 வரையும் நீடித்துப் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் அழித்தது. கொடி ஏறியது, ஆனால் அடுத்த படிகள் இடிந்தன.

கோவாவில் வேறு விதமாக நடந்தது. 1963 டிசம்பரில் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற தயானந்த பண்டோட்கர், கோயிற்பணியில் கட்டுண்டு இழிவாக நடத்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர். அவர் 1973 இல் மறையும் வரை அப்பொறுப்பில் இருந்து, சிற்றூர்தோறும் தொடக்கப் பள்ளிகள் திறந்தார். 1964 இல் குத்தகையாளர் பாதுகாப்புக்குச் சட்டம் வந்தது. அவர் மகள் சசிகலா ககோட்கர் முதலமைச்சராக இருந்த 1975 இல், நிலவுடைமையாளர் மனையில் குடியிருந்த ‘முண்ட்கார்’ என்னும் ஏழைகளை வெளியேற்றக்கூடாது என்னும் சட்டம் இயற்றப்பட்டது. நம் மாநிலத்தில் 1971 இல் இயற்றப்பட்ட குடியிருப்பு உரிமைச் சட்டத்திற்கு அஃது ஒப்பாகும். பறங்கியர் நீங்கிய காலத்தில் கோவா மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே எழுத்தறிந்தவர். 2011 கணக்கெடுப்பில் அது நூற்றுக்கு எண்பத்தெட்டைக் கடந்தது. நானூற்றைம்பது ஆண்டுகளில் ஆகாதது ஐம்பது ஆண்டுகளில் ஆயிற்று.

எனவே விடுதலைக்கு மூன்று படிகள் உண்டு என்பது என் கருத்து. அந்நியன் கொடி இறங்குவது முதற்படி. குடியிருக்கும் மண்ணிலும் உழைக்கும் நிலத்திலும் நீரிலும் உரிமை கிடைப்பது இரண்டாம் படி. அவ்வுரிமையைப் படித்தறிந்து காத்துக்கொள்ளும் கல்வி மூன்றாம் படி. முதற்படியில் நின்றுகொண்டு மாடிக்கு வந்துவிட்டதாகக் கூறுதல் தகாது. 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கரும், அரசியலில் சமத்துவமும் சமுதாய வாழ்விலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வும் ஒருங்கே நிலவும் முரண்பாட்டை நீக்காவிடில் மக்களாட்சியே ஆபத்துக்குள்ளாகும் என்று எச்சரித்தார்.

நம் கடமை

நம் முன்னோர் வாளா இருந்தாரல்லர். செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893 இல் நம் மக்களுக்கெனப் பத்திரிகை தொடங்கினார். தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய அவர், சென்னைச் சட்டசபை உறுப்பினராகிப் பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் தாழ்த்தப்பட்டோர்க்கு உரிமை உண்டு என்னும் தீர்மானத்தை 1924 இல் நிறைவேறச் செய்தார். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922 இல் இழிபெயர் நீங்கி ஆதிதிராவிடர் என்னும் பெயர் அரசுப் பதிவில் ஏறியது. நாம் இன்று நடக்கும் சாலையும், குழந்தைகள் அமரும் வகுப்பறையும் அவர்கள் எழுதிய மனுக்களாலும் பேசிய பேச்சுகளாலும் கிடைத்தவை.

நம் ஏரியிலோ உரிமை இன்னும் முழுமையாகப் பங்கிடப்படவில்லை. எவர் வலை எந்நாளில் எவ்விடத்தில் விழலாம் என்பதைத் தலைமுறையாக வரும் ‘பாடு’ முறை வகுக்கின்றது. சண்டையின்றி மீனைப் பகிர்ந்துகொள்ள முன்னோர் கண்ட ஒழுங்கு அது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பிறப்பின் காரணமாக அதற்குப் புறத்தே நின்று, கையால் இறால் தடவிப் பிழைப்போரும் இவ்வேரியின் மக்களே. அவ்வழக்கைக் கைகலப்பால் தீர்க்க இயலாது. சட்டம் அறிந்தவனும், கணக்கு அறிந்தவனும், அயலூராரோடு அமர்ந்து பொறுமையுடன் பேச வல்லவனுமே தீர்க்க முடியும். அத்தகையோரை உருவாக்குவதே நம் சங்கத்தின் வேலை.

ஆகவே இளைஞர்களுக்கு மூன்று செயல்களைப் பரிந்துரைக்கின்றேன். முதலாவது, ஒவ்வொரு வீட்டிலும் உள்ள பட்டா, மனைப்பத்திரம், சாதிச் சான்று ஆகியவற்றை வீட்டிலுள்ள படித்த பிள்ளை ஒருமுறை முழுவதுமாய்ப் பெற்றோர்க்குப் படித்துக் காட்டட்டும். இரண்டாவது, எட்டாம் வகுப்போடும் பத்தாம் வகுப்போடும் நின்றுவிட்ட பெண்பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, அவர்களை மீண்டும் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பைத் தெருவுக்கு ஒருவராக ஏற்கட்டும். மூன்றாவது, ஊர் முதியோரிடம் கேட்டறிந்து, நம் பாட்டன் பூட்டன் பெயர்களையும் அவர்கள் செய்த தொழிலையும் பட்ட துன்பத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிச் சங்க நூலகத்தில் வைக்கட்டும். கப்பலேறிப் போனவர்களின் பெயர்களை நாம் இனி மீட்க இயலாது. இருப்பவர்களின் பெயர்களேனும் எழுத்தில் நிற்கட்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கியோர் கூலி வேலைக்கு இடையே பிடி அரிசியும் சில்லறைக் காசும் சேர்த்து இரவுப் பள்ளிக்கு விளக்கெரித்தனர். அவ்விளக்கில் எழுத்தறிந்தோர் இன்று ஆசிரியராகவும் செவிலியராகவும் அரசு ஊழியராகவும் உள்ளனர். அவர்கள் பெற்றதில் ஒரு பங்கைப் பின்வருவோர்க்குத் திருப்பித் தருதல் கடமையாகும். பொன் விழா மலரில் நம் பிள்ளைகள் வரலாறு எழுதும்போது, சுமை தூக்கிய தோள்களின் கதையையும் அத்தோள்கள் நிமிர்ந்த கதையையும் அவர்களே தம் கையால் எழுதுவார்களாக. சங்கம் வளர்க! கல்வி பரவுக!